வழி நெடுக ஒரு கதை

காரியாபட்டி வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மே மாதம் பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது. மதுரையில் காலேஜ் படிக்கும் என் மூத்தவன் லீவுக்கு வந்தபோது ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இப்படிச் செய்கிறேன்" என்பார்கள். அது பலிக்குமா என்பதைக் கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டின் வழிவந்ததாம் இது.

என் மகளும் நாத்தனார் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, போனெல்லாம் அலமாரிக்குப் போனது. எனக்கு ஒரே சந்தோஷம்! ஆனால் மூன்றாம் நாளே சண்டை.

"காடு கடந்து போறதுதான் கதையே. இவன் 'பத்து நாள் நடந்தீங்க, ஊர் வந்திருச்சு'ன்னு முடிச்சிட்டாம்மா" என்றாள் மகள்.

"நேத்து ஒவ்வொரு நாளா உருட்டினேன். புலி, திருடன், மறுபடி புலி. இவளே கொட்டாவி விட்டாளே!" என்றான் அவன்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு வைகுண்ட ஏகாதசிக்கு ஆடும் பரமபதம் நினைவுக்கு வந்தது. கடைசிக் கட்டமா நம் மனதில் நிற்கிறது? வழியில் கடித்த பாம்புதானே! "வழியையே விளையாட்டா ஆக்குங்கடா" என்றேன். அதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன்.

எடுத்துக்கொண்டது என் தாத்தா பன்னிரண்டு வயதில் நடந்த வழி. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். நம் ராமநாதபுரம் சீமை ஜனங்களும் அதில் ஏராளம். சிலர் தாமு வழியாக மணிப்பூருக்கு வந்தார்கள். தாத்தா குடும்பம் புரோமிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து தாங்கூப் போனது. நூறு மைலுக்கு மேல் மலைப்பாதை, தண்ணீர்ப் பஞ்சம், போதாததற்குக் காலரா.

முதலில், பாதையை ஆறு தங்கலாகப் பிரித்தோம். ஒவ்வொரு நாளையும் சொல்ல வேண்டியதில்லை. தங்கலுக்கு ஒரு சம்பவம் போதும்.

இரண்டாவது, கையிருப்பு. ஆளுக்கு எட்டுப் புளியங்கொட்டை அரிசி, நாலு சோழி தண்ணீர். தங்கலுக்குத் தங்கல் இரண்டிலும் ஒவ்வொன்று செலவு. தண்ணீர் எப்படியும் பற்றாது என்பது புரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்!

மூன்றாவது, ஆளுக்கொரு வேலை. வழி பார்க்க ஒருவர், இராக்காவலுக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர்.

நான்காவதுதான் முக்கியம். ஆபத்தைக் கட்டை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. மேட்டு வழி குறுக்கு, ஆனால் தண்ணீர் இல்லை. ஓடை வழியில் ஒரு சோழி கிடைக்கும், ஆனால் ஒரு கொட்டை அரிசி கூடுதலாகச் செலவாகும். எது வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

நாலாம் தங்கலில் மகன் சொன்னான்: "மரத்தடியில ஒரு அம்மா காலராவில படுத்திருக்காங்க. தண்ணி கேக்கறாங்க."

மகளிடம் இருந்தது ஒரே சோழி. யோசிக்காமல் நகர்த்திவிட்டாள். "நாளைக்கு உனக்கு?" என்று அண்ணன் கேட்டதற்கு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. நான் அவர்களிடம் வழியைத்தான் சொல்லியிருந்தேன். காலராவில் விழுந்த தன் தாயை அப்படி ஒரு மரத்தடியில் விட்டுவிட்டுத் தாத்தா நடந்ததைச் சொல்லவில்லை. அப்போது அவர்கள் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம். சாகும்வரை இராத்திரியில் ஒரு சொம்புத் தண்ணீரைத் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஏன் என்று அவர் சொன்னதே இல்லை. அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

காலராவில் உயிரைக் கொண்டுபோவது உடம்பிலிருந்து வெளியேறும் நீர்தான். 1971-ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானவர்களைப் பிழைக்க வைத்தார். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேதி கண்டால் இதைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். இதையும் அன்றே பிள்ளைகளுக்குக் கலந்து காட்டினேன்.

உங்கள் வீட்டிலும் பர்மாவோ இலங்கையோ போய்த் திரும்பிய பெரியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் வந்த வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டைக்கா நம் வீட்டில் பஞ்சம்?

அன்று இராத்திரி கதவைச் சாத்தப் போனேன். திண்ணையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.