கறுப்புத் திரையில் நகலெடுப்பது எப்படி?

1950களிலேயே பாராநகர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கணிப்பொறி இயங்கிய நகரம் நம் கொல்கத்தா. இன்று சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் பணிபுரியும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு 'டெர்மினல்' எனும் கட்டளைத் திரை அன்றாடத் துணை.

லினக்ஸ் டெர்மினலில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் நகல் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான் நிற்கும். பெரும்பாலும் நகலெடுக்கக் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சி, ஒட்டக் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-வி. விசைகளையும் எழுத்தின் அளவையும் நிறத்தையும் 'செட்டிங்ஸ்' பகுதியில் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுத்துகளை ஒரே அகலக் கட்டங்களில் அடுக்குவதால் 'கொ', 'கௌ' போன்ற தமிழ் எழுத்துகள் சில டெர்மினல்களில் சிதைந்து தெரியும்.

ஒரு எச்சரிக்கை: வேறிடத்தில் எடுத்த வரியின் கடைசியில் 'என்டர்' ஒளிந்திருந்தால், ஒட்டியதுமே கட்டளை ஓடிவிடக்கூடும். அது அழிக்கும் கட்டளையானால் கோப்புகள் போனது போனதுதான். எனவே முதலில் எடிட்டரில் ஒட்டிப் படித்துப் பார்த்துவிடுங்கள்.