அத்தையின் பால் கணக்கு

2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நியூஜெர்சி எடிசனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் எங்கள் கல்யாண ஆல்பமும் ஒரு கடிதமும் கிடந்தன. ஆல்பத்தில் நாற்பது படங்கள். கடிதம் அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுத் துறையிலிருந்து வந்தது. கணவரை அழைத்துக்கொள்ள நான் போட்டிருந்த ஐ-130 மனுவில் வைத்த சான்றுகள் போதவில்லை, இது மெய்யான மணவாழ்க்கை என்று காட்டக் கூடுதல் ஆதாரம் வேண்டும் என்பது அதன் சாரம். இப்படி வரும் கடிதத்துக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் கிடையாது. பதிலையும் ஒரே முறைதான் அனுப்பலாம். விட்டுப்போனதைப் பிறகு சேர்க்க முடியாது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சிறப்புத் திருமணச் சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, முப்பது நாள் காத்திருந்து, கும்பகோணத்தில் பதிவாளர் முன்னால் மூன்று சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். அந்தச் சான்றிதழைத்தான் மனுவோடு வைத்திருந்தேன். ஆல்பத்திலிருந்த நாற்பது படங்களையும் நகலெடுத்து வைத்திருந்தேன். இதற்குமேல் என்ன வேண்டுமாம்?

இரண்டு நாள் கழித்துக் கடிதத்தை மறுபடி நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது. கல்யாணம் நடந்ததை யாருமே மறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இந்த இருவரும் ஒரு குடும்பமாக இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். அதற்கு நான் ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்கவில்லை. ஊரைக் கூட்டித் தாலி கட்டினால் அதற்குமேல் சாட்சி எதற்கு என்று வளர்ந்தவர்கள் நாம். என்னைப் போலவே ஆல்பத்தை மட்டும் நம்பி மனுப் போட்டவர்கள் பலரை அதன்பின் சந்தித்தேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு இரண்டாவது திருமணம். முதல் கணவரோடு அமெரிக்கா வந்தேன். பதினோரு ஆண்டுக்குப் பின் விவாகரத்து ஆனது. அதற்குள் குடியுரிமை வாங்கியிருந்தேன், மருத்துவமனை ஆய்வகத்தில் வேலையும் இருந்தது. இப்போதைய கணவர் என் கல்லூரித் தோழியின் தம்பி. கும்பகோணத்தில் கணித ஆசிரியராக இருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பதினேழு பேர். நடந்தது 2022 ஜூலை 8. ஜூலை 23 இரவு நான் திரும்ப ரயிலேறிவிட்டேன். மறுமணம், வயதில் மூத்த மனைவி, சின்னக் கூட்டம், சேர்ந்திருந்த நாள் குறைவு. இவற்றில் எதுவும் குற்றமில்லை. ஆனால் கோப்பைப் புரட்டும் அதிகாரி ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். அந்த நிமிடத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, மனுப் போட்ட நம்முடையது.

அமெரிக்கச் சட்டம் இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945 டிசம்பரில், படைவீரர்களின் வெளிநாட்டு மனைவியரும் கணவன்மாரும் எளிதாக உள்ளே வர ஒரு சட்டம் போட்டார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ள, பாரீசில் முன்னாள் படைவீரர்களோடு பெயருக்கு மணம் செய்துகொண்டு வந்தவர்கள் மீது வழக்கு நடந்தது. 1953-இல் உச்ச நீதிமன்றம் அந்த லுட்வாக் வழக்கில், அந்த மணங்கள் பிரான்சில் சட்டப்படி செல்லுமா என்பது இங்கே கேள்வியே இல்லை, கணவன் மனைவியாக வாழும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை என்று சொல்லித் தண்டனையை உறுதிசெய்தது. சான்றிதழ் வேறு, வாழ்க்கை வேறு என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. 1975-இல் பார்க் என்பவரின் வழக்கில், மணம் செய்துகொண்ட நேரத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வாழ்க்கை அமைக்க நினைத்தார்களா என்பதே அளவுகோல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. பிறகு பிரிந்துபோனார்கள் என்பதை மட்டும் வைத்து அது போலிக் கல்யாணம் என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னது. 1986-இல் வந்த திருமண மோசடித் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமை: பொய்க் கல்யாணத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். திருமணச் சடங்குகள் ஏன் ஏற்பட்டன என்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணமும் மனிதரின் பொய்தான். அந்த வரிசையில் வந்த இன்னொரு சடங்கு இந்த மனு என்று நினைத்த பிறகு என் கோபம் தணிந்தது.

ஆறுதலான செய்தியும் உண்டு. கொலை வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்வதில்லை. இது மெய்யாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அதிகாரிக்குப் பட்டால் போதும்.

அவர்களுடைய விதிகள் சொல்லும் சான்றுகள் ஒரே ஊரில் வாழும் தம்பதிக்கானவை: இருவர் பேரிலும் வீடு, வாடகை ஒப்பந்தம், கலந்து போன வரவுசெலவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், நேரில் அறிந்தவர்களின் உறுதிமொழிக் கடிதம். நடுவில் கடல் இருக்கும்போது முதல் மூன்றுக்கு எங்கே போவது? கணவரும் நானும் அன்றிரவே பேசினோம். எங்கள் பேச்சு நேரம் எனக்கு இரவு ஏழரை, அவருக்கு விடியற்காலை ஐந்து. நவம்பரில் இங்கே கடிகாரத்தை மாற்றினால் அவருக்கு ஆறு. காதில் போனை வைத்துக்கொண்டு மகாமகக் குளத்தைச் சுற்றுவது அவர் வழக்கம்.

"நம்ம கிட்ட என்னதான் இருக்கு?" என்று கேட்டேன்.

"பேச்சுதான் இருக்கு" என்றார்.

அந்தப் பேச்சிலிருந்தே தொடங்கினோம். வாட்ஸ்அப்பை அப்படியே இறக்கினால் ஆயிரக்கணக்கான பக்கம். அதைக் கட்டாகக் கட்டி அனுப்புவதில் பயனில்லை, யாரும் படிக்க மாட்டார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம் எடுத்தோம், நல்ல நாளும் சண்டை நாளும் கலந்து. அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள். எழுத்து எதுவானாலும் மொழி தமிழ் என்பதால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர்தான் ஒரு நாள் போனில் கேட்டார்: "ஏம்மா, மார்ச் 19 வரைக்கும் தம்பி உன்னை நீங்க, வாங்கன்னு எழுதுறார். அதுக்கப்புறம் நீ, வான்னு வருது. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்தானே, இதை எப்படிக் காட்டறது?"

அக்காவின் தோழி என்ற மரியாதை ஒரு நாள் இரவில் உதிர்ந்துபோனது எங்களுக்கே நினைவில்லை. ஆசிரியை அந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்புப் போட்டார்: தமிழில் மரியாதைக்கு ஒரு சொல், நெருக்கத்துக்கு ஒரு சொல், இந்தத் தேதியில் முன்னது பின்னதாக மாறுகிறது என்று. நாங்கள் அனுப்பியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

பெயர்க் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் எல்லாருக்கும் வரும். என் பாஸ்போர்ட்டில் முன்னாள் கணவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. திருமணச் சான்றிதழிலும் அதே பெயர்தான் ஏறியிருந்தது. கணவருக்கோ இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் இருக்கும் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயர் இடத்தில் தெரியாது என்பதற்கான எஃப்என்யூ என்ற மூன்று எழுத்து விழும். எந்தத் தாளில் யாருக்கு எந்தப் பெயர், ஏன் என்று ஒரு பக்கம் தனியாக எழுதி, விவாகரத்துத் தீர்ப்பின் நகலோடு வைத்தேன்.

பணம் சம்பந்தப்பட்டதில் என் கவனக்குறைவு எனக்கே வெளிச்சமானது. 2022 வருமான வரியை மணமானவள் என்றே தாக்கல் செய்திருந்தேன். கல்யாணமாகியும் பழைய ஞாபகத்தில் தனியாள் என்று போடுபவர்கள் இருக்கிறார்கள், அந்த ஒரு கட்டம் மொத்த மனுவுக்கும் எதிராகப் பேசும். ஆனால் வேலையிடத்தின் 401-கே ஓய்வுச் சேமிப்புப் படிவத்தில் இன்னும் என் அக்காவின் பெயரே இருந்தது. அதைக் கணவர் பெயருக்கு மாற்றினேன். மாற்றிய தேதி கடிதத்துக்குப் பிந்தியது என்பதை மறைக்கவில்லை.

அவருடைய எல்ஐசி பாலிசியில் நாமினி அவர் அம்மா. "உன் பேருக்கு மாத்திடட்டுமா? நல்ல ஆதாரமாச்சே" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. ஓர் அதிகாரிக்குக் காட்டுவதற்காக எழுபத்தொரு வயதுப் பெண்ணின் பெயரை அடிப்பதா? "அத்தை பேரு இருக்கட்டும். சேர்க்கணும்னு நீங்க நினைச்சா என்னையும் சேருங்க" என்றேன். இருவருக்கும் பாதிப் பாதி என்று எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே அனுப்பினோம். சான்று தேடுவது வேறு, சான்று செய்வது வேறு. ஒரே நாளில் நான்கு சேலை மாற்றி நான்கு இடத்தில் நிற்கவைத்துப் படமெடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். உண்மையான கல்யாணத்தில் ஒரு பொய்ப் படம் கலந்தாலும் மற்ற எல்லாப் படத்தின் மேலும் சந்தேகம் விழுந்துவிடும்.

உறுதிமொழிக் கடிதங்களில் முதலில் தவறு செய்தோம். இவர்கள் உண்மையான தம்பதி என அறிவேன் என்று மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். மூன்றையும் ஒதுக்கிவைத்து, உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர், தினமும் காலையில் குளக்கரையில் அவரைப் பார்த்துக் கையசைப்பதையும், அவர் காதிலிருந்து போனை எடுக்காமலே பதிலுக்குத் தலையாட்டுவதையும் எழுதினார். என் அக்கா, கல்யாணத்துக்கு முந்தைய முப்பது நாளும் நான் தஞ்சாவூரில் அவள் வீட்டில் தங்கியதையும், அவர் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதையும் எழுதினாள்.

இவற்றோடு பாஸ்போர்ட் முத்திரைகள், 2023 பொங்கலுக்குப் போன விமானச் சீட்டு, உழவன் எக்ஸ்பிரஸில் அடுத்தடுத்த படுக்கையில் இருவர் பெயரும் உள்ள டிக்கெட். ஆல்பத்திலிருந்து ஆறு படம் மட்டும். மீதிக்கு அடுப்படியும் திண்ணையுமாக எடுத்த சாதாரணப் படங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, இடம், யார் யார் என்று எழுதி.

அத்தையின் கணக்கு நோட்டு கடைசியில்தான் வந்தது. அத்தைக்கு நாற்பது ஆண்டாக வரவு செலவு எழுதும் பழக்கம். ஒரு நாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் வந்து இறங்கிய தேதியைச் சரிபார்க்க அந்த நீளமான நோட்டை எடுத்துப் புரட்டினார். "இதோ, எட்டாந்தேதிலேருந்து பாலு ஒரு லிட்டர் வாங்கியிருக்கேன்" என்றார்.

பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஜூலை 7 வரை, பால் அரை லிட்டர். ஜூலை 8 முதல் ஒரு லிட்டர். இடையிடையே மல்லி இரண்டு முழம், மருமகள் செருப்பு தைக்க 30 ரூபாய். ஆடி பிறந்தும் ஒரு லிட்டர். புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை, இருக்கப்போவதே சில நாள் என்று அத்தை அந்த ஆண்டு விட்டுக்கொடுத்திருந்தார். என்னை வழியனுப்பக் கணவரும் சென்னை வந்துவிட்ட ஜூலை 24 அன்று கால் லிட்டர். மறுநாளிலிருந்து மறுபடி அரை. பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் ஒரு லிட்டர்.

"என் பால் கணக்கு அமெரிக்காவுல எதுக்கும்மா?"

"நான் உங்க வீட்ல இருந்த நாளெல்லாம் அதுல இருக்கு அத்தை."

ஆசிரியை அந்த நான்கு பக்கத்தையும் அரை முழம் விடாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஒன்பதாவது வாரத்தில் எல்லாவற்றையும் அனுப்பினேன். 2024 தொடக்கத்தில் மனு ஏற்கப்பட்டது. நான் 2022-இல் கட்டிய கட்டணம் 535 டாலர். 2024 ஏப்ரலில் அதைத் தாளில் அனுப்பினால் 675, இணையவழி 625 என்று உயர்த்தினார்கள்.

பிறகு விசா மையத்தின் காத்திருப்பு, போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை. நவம்பரில் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். சில நிமிடம்தான் நடந்தது. அதிகாரி கேட்டவற்றில் ஒன்று, மனைவியின் முதல் மணம் ஏன் முறிந்தது என்பது. நான் சொன்னதை, எனக்கு வலிக்கும் பகுதி உட்பட, கணவர் அப்படியே சொல்லியிருக்கிறார். அதை நான் அவரிடம் மறைத்திருந்தால் அந்தச் சன்னல் முன்னால் எந்தக் காகிதமும் உதவியிருக்காது.

கல்யாணமாகி இரண்டு ஆண்டுக்குள் வந்து இறங்குபவர்களுக்கு நிபந்தனையோடு இரண்டு ஆண்டு கிரீன் கார்டுதான். அது முடியும் முன் கடைசி 90 நாளில் ஐ-751 மனுவோடு மறுபடி சான்றுகள் வைக்க வேண்டும். எங்கள் காத்திருப்பே இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டதால் அது எங்களுக்கு இல்லை. 2025 ஜனவரியில் அவர் வந்தார்.

அத்தையையும் அழைத்துக்கொள்ளலாம் என்றால், மாமியாருக்காக மருமகள் மனுப் போட அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. மகன்தான் போட வேண்டும், அதுவும் குடியுரிமை வாங்கிய பின். அமெரிக்கக் குடிமகளோடு மண வாழ்க்கையில் இருந்துகொண்டு நிரந்தரவாசியாக மூன்று ஆண்டு கழித்தபின்தான் அதுவே கிடைக்கும். அத்தையின் மகளான என் தோழி வாரம் ஒரு முறை திருச்சியிலிருந்து வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறாள். கணவர் இங்கே வந்து இறங்கிய முதல் ஞாயிறு, வீடியோவில் அத்தை நோட்டோடு உட்கார்ந்திருந்தார். காட்டுங்கள் என்று நான்தான் கேட்டேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தைத் திருப்பிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். ஏழு நாளும் ஒரே கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக: பால் கால் லிட்டர்.