தகட்டில் பொறித்த ஆண்டு: போர்க்கால ஜெர்மானிய எரிபொருள் கேன்கள்

பக்கத் தகடுகளில் பெருக்கல் குறி வடிவில் பள்ளம் அழுந்தி, மேற்புறத்தில் மூன்று கைப்பிடிகள் வரிசையாக அமைந்த ‘ஜெர்ரி கேன்’ என்னும் எஃகுக் கலத்தின் மூலவடிவம், இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஜெர்மானிய இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. ஷ்வெல்ம் நகரில் இயங்கிய முல்லர் நிறுவனத்தின் பொறியாளர் வின்சென்ஸ் கிரூன்ஃபோகல் 1937இல் இதை வடிவமைத்தார். போரின்போது எதிரி நாடுகளே இதைப் பார்த்துச் செய்துகொண்டதால், தோற்றத்தை மட்டும் வைத்து ஒரு கேன் எந்த நாட்டுக்குரியது என்று சொல்லிவிட முடியாது. அதைத் தீர்மானிப்பவை தகட்டில் பொறித்த எழுத்துகளும், தகடுகள் இணையும் விதமும், மூடியின் அமைப்புமே ஆகும்.

அச்சில் அழுத்தி எடுத்த இரண்டு தகட்டுப் பாதிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பற்றவைத்தால் இந்தக் கலம் உருவாகிவிடும். பற்றவைத்த கோடு வெளியே துருத்தாமல் ஒரு பள்ளத்துக்குள் ஒடுங்கியிருப்பதால், கேன்கள் ஒன்றோடொன்று மோதினாலும் அந்த இணைப்பில் அடி விழுவதில்லை. பக்கங்களில் உள்ள பள்ளங்கள் தகட்டுக்கு வலுவூட்டுவதோடு, வெயிலில் எரிபொருள் விரிவடையும்போது தகடு சற்றே புடைத்துக்கொடுக்கவும் இடமளிக்கின்றன. உட்புறத்தில் துருவைத் தடுக்கும் பூச்சு உண்டு. இருபது லிட்டர் நிரப்பிய பிறகும் மேலே காற்றுக்கு இடம் எஞ்சுவதால், பெட்ரோல் நிறைந்த கேன் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். அந்தக் காற்றிடத்தையும் வாய்ப்பகுதியையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. ஊற்றும்போது அதன் வழியே காற்று உள்ளே புகுவதால், எரிபொருள் திக்கித் திக்கி வராமல் ஒரே சீராக இறங்குகிறது. நெம்புகோல் போல் மடங்கிப் பூட்டிக்கொள்ளும் மூடியைத் திறக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மூன்று கைப்பிடிகளுக்கும் காரணம் உண்டு: ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள நிறைந்த கேனை ஒருவர் நடுக்கைப்பிடியால் தூக்கலாம், இருவர் வெளிக்கைப்பிடிகளைப் பற்றிப் பகிர்ந்து சுமக்கலாம், காலிக் கேன்களாக இருந்தால் ஒரே கையில் இரண்டைக் கோத்துக்கொள்ளலாம். ஒரு சாதாரணக் கொள்கலத்தில் இத்தனை சிந்தனை செறிந்திருப்பது பொறியியல் வரலாற்றில் அரிதாகவே காணப்படுவதாகும்.

இதன் அருமையை நன்கு உணர்ந்தவர்கள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட ஆங்கிலேயர்கள். அவர்கள் பயன்படுத்திய நான்கு காலன் தகர டின்கள், நம் ஊர் மண்ணெண்ணெய் டின்களைப் போன்று மெல்லியவையாக இருந்ததால், கரடுமுரடான பாதையில் லாரி குலுங்கும்போதே இணைப்புகள் விட்டுக் கசிந்தன. கிடங்கிலிருந்து போர்முனையை அடைவதற்குள் ஏறத்தாழ 30 விழுக்காடு பெட்ரோல் வீணாயிற்று என்று தளபதி ஆக்கின்லெக் மதிப்பிட்டார். ஆகவே கைப்பற்றிய ஜெர்மானியக் கேன்களை ஆங்கிலப் படையினர் விடாமல் வைத்துக்கொண்டனர். ஜெர்மானியரை ‘ஜெர்ரி’ என்று அவர்கள் குறிப்பிட்ட வழக்கமே கேனுக்கும் பெயராயிற்று. பின்னர் பிரிட்டன் இதை ஏறக்குறைய அப்படியே படியெடுத்து உற்பத்தி செய்தது.

அமெரிக்காவுக்கு இது சென்ற வழியில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. பால் பிளெய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1939இல் ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் புறப்பட்டபோது, வழியில் குடிநீர் வைத்துக்கொள்வதற்காக, டெம்பெல்ஹோஃப் விமான நிலையக் கிடங்கில் இருந்த கேன்களில் மூன்றை அந்த நண்பர் எடுத்துவந்தார். அவர் பாதி வழியிலேயே தாய்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தாலும், கேனைத் தயாரிக்கும் விவரங்களைப் பிளெய்ஸிடம் சொல்லிச் சென்றார். கல்கத்தா வரை வந்து சேர்ந்த பிளெய்ஸ் நாடு திரும்பித் தம் இராணுவத்திடம் இதை வலியுறுத்தியபோது, தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அமெரிக்கர்கள் உருவாக்கிய கேனில் உருவமும் கைப்பிடிகளும் மட்டுமே தங்கின. பற்றவைப்புக்குப் பதில் விளிம்பை மடித்துச் சுருட்டிய இணைப்பும், நெம்பு மூடிக்குப் பதில் திருகு மூடியும் வந்ததால், திறக்க ஸ்பேனரும் ஊற்றப் புனலும் தேவைப்பட்டன. சேகரிப்பவருக்கு இந்தக் குறைபாடே பேருதவி: திருகு மூடியும் சுருட்டிய விளிம்பும் உள்ள போர்க்காலக் கேனைக் கண்டதும் அது அமெரிக்கத் தயாரிப்பு எனக் கொள்ளலாம்.

ஆங்கிலேயப் படியைப் பிரித்தறிவதுதான் கடினம். அங்கே எழுத்துகளைப் படித்தாக வேண்டும். போர்த்துறையைக் குறிக்கும் ‘டபிள்யூ’, ‘டி’ என்னும் இரண்டு எழுத்துகளும் அம்புக்குறியும் ஆண்டும் பிரிட்டிஷ் கேனில் இருக்கும். ஜெர்மானியக் கேனின் பக்கத் தகட்டில் எரிபொருள் என்று பொருள்படும் ‘க்ராஃப்ட்ஷ்டோஃப்’ என்ற சொல்லும், 20 லிட்டர் என்ற அளவும், தீப்பற்றக்கூடியது என எச்சரிக்கும் ‘ஃபாயர்கெஃபேர்லிஷ்’ என்ற சொல்லும், ஆண்டும், தயாரிப்பாளர் முத்திரையும் காணப்படும். ஆயுதப்படைகளின் பொதுப்பெயரான ‘வேர்மாஹ்ட்’ என்பதும் பலவற்றில் உண்டு. பெர்லினின் அம்பி-பட் அழுத்துத் தொழிற்சாலையைக் குறிக்கும் ‘ஏ.பி.பி.’, ஸ்லோவாக்கியாவின் ‘ஸாண்ட்ரிக்’ ஆகியவை சேகரிப்பாளர் நன்கறிந்த முத்திரைகள். தண்ணீருக்கென ஒதுக்கிய கேனில் ‘வாஸர்’ என்ற சொல் இருக்கும்; பெட்ரோல் கேனோடு மாறிப்போகாமல் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் மேல் பெரிய வெள்ளைச் சிலுவைக் குறியும் தீட்டினார்கள்.

‘வேர்மாஹ்ட்’ என்ற சொல் இல்லாததாலேயே ஒரு கேனை ஒதுக்கிவிடுவது தவறு. ஆனால் போருக்குப் பிறகும் இதே வடிவம் பல நாடுகளில் தொடர்ந்து வெளிவந்ததால், ஆண்டு அழிந்துபோன கேனைப் போர்க்காலத்தது என்று உறுதி கூறுவதும் பொருந்தாது.

வண்ணப்பூச்சு இன்னொரு சாட்சி. போரின் முற்பகுதியில் ஜெர்மானியத் தரைப்படையின் வண்டிகளும் தளவாடங்களும் கருஞ்சாம்பல் நிறத்திலும், ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டவை மணல் நிறங்களிலும் இருந்தன. 1943 பிப்ரவரியில் அடர் மஞ்சளே அடிப்படை நிறமாயிற்று. எனவே 1940 என்று பொறித்த கேனில் அடர் மஞ்சள் பூச்சு இருந்தால் அதைப் போலி என்று முடிவுகட்டுவதற்கு முன், கைப்பிடி உராய்ந்து தேய்ந்த இடத்தை உற்றுநோக்க வேண்டும்: மேலே மஞ்சள், அதன் விளிம்பில் மெல்லிய சாம்பல் வளையம், அடியில் எஃகு எனப் படலம் படலமாகத் தெரியுமானால், பழைய கேனுக்குப் பின்னாளில் புது நிறம் பூசினர் என்பது விளங்கும். அதனால்தான் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துப் பளபளப்பாக வண்ணமடித்து விற்பவர்கள் பொருளின் வரலாற்றையே அழித்துவிடுகிறார்கள்.

நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைப்பிரிவின் குறி உள்ள கேன்களுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பதால், அந்தக் குறியைப் பிற்காலத்தில் அடித்துச் சேர்ப்பதும் நடக்கிறது. உண்மையான எழுத்து தகட்டோடு சேர்ந்தே அச்சில் அழுந்தியிருக்கும். பின்னர் சுத்தியலால் அடித்துப் பதித்த எழுத்தைச் சுற்றி மேற்பரப்பு ஒடுங்கியும், பழைய துருவோ பூச்சோ வெடித்தும் காணப்படும். அந்தக் கொடிய அமைப்பின் குறிக்காக அதிக விலை கொடுப்பதை ஆர்வலர்கள் தவிர்ப்பதே முறை. ஜெர்மனியில் அத்தகைய சின்னங்களைப் பொதுவில் காட்சிப்படுத்துவது குற்றமும்கூட. போர் ஆண்டுகளில் ஜெர்மானியத் தொழிற்சாலைகள் ஏராளமான போர்க்கைதிகளையும் அயல்நாட்டவரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கின என்பதை, இக்கேன்களைக் காட்சிக்கு வைப்போர் விளக்கக் குறிப்பில் எழுதிவைத்தல் கடமையாகும்.

கையில் கிடைத்த கேனைத் தூய்மைப்படுத்தும்போது, மென்மையான சோப்பு நீரும் துணியும் கொண்டு வெளிப்புற அழுக்கை மட்டும் நீக்கி, துருவின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இட்டால் போதுமானது. அக்காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் வழக்கம் இருந்ததால் உட்புறத்தை வெறுங்கையால் சுரண்டலாகாது. பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த கேனுக்குள்ளும் எரிபொருள் ஆவி தங்கியிருக்கக்கூடும். அதன் ஓட்டையை அடைக்க வெல்டிங் செய்யும்போது தீப்பொறி பட்டால் கேன் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், ஓட்டை விழுந்த கேனை அப்படியே பாதுகாத்தலே நலம்.