பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்... தேயிலைத் தோட்டத்து அம்மாக்கள் மறக்கக் கூடாத கணக்கு!

பிரசவத்துக்காக வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் கூலி உண்டா, இல்லையா?

சின்னக் கேள்விதான். ஆனால், விடை கிடைக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கேட்டவர் பெரிய ஆள் இல்லை. ஆனைமலைப் பகுதியில் ஓர் எஸ்டேட்டில் வேலை பார்த்த பெண் தொழிலாளி.

1967 டிசம்பரில் அவருக்குப் பிரசவம். அப்போதைய சட்டப்படி 12 வாரச் சம்பளம் கிடைக்க வேண்டும். 'வாரத்தில் ஆறு நாள்தானே வேலை' என்று கணக்குப் போட்ட நிர்வாகம், 72 நாள் கூலியை மட்டும் கொடுத்தது. 12 ஞாயிற்றுக்கிழமைகள் காணாமல் போயின. அவர் விடவில்லை. கோவை தொழிலாளர் நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் என்று நகர்ந்த வழக்கில் 1977 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாரம் என்றால் ஏழு நாள். ஞாயிறும் சேர்த்தே கொடுக்க வேண்டும்!

1967-ல் பிறந்த குழந்தை அப்போது நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படிக்கும் வயதுக்கு வந்திருக்கும். பன்னிரண்டு நாள் கூலி அன்றைக்கு எவ்வளவு பெரிய தொகையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சொற்பத் தொகைக்காக இவ்வளவு தூரம் நடந்தாரே என்று தோன்றலாம். ஆனால் இன்றைக்கு ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண் பிரசவ விடுப்பில் போனால், அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கை வைக்க முடியாது. காரணம் அந்த வழக்குதான்.

2017 ஏப்ரல் முதல் 12 வாரம் 26 வாரமாகிவிட்டது. ஏழு நாள் கணக்கில் 182 நாள். ஞாயிறுகளைக் கழித்தால் 156. ஆக, இன்றைக்கு அந்தத் தீர்ப்பின் மதிப்பு ஒரு பிரசவத்துக்கு 26 நாள் கூலி! முதல் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த 26 வாரம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்தான். பிரசவத் தேதிக்கு எட்டு வாரம் முன்பிருந்தே விடுப்பைத் தொடங்கலாம்.

இதற்கான தகுதி ஒன்றே ஒன்று. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் கொழுந்து இல்லை என்று நிர்வாகமே 'லே-ஆஃப்' கொடுத்த நாள்களும், சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளும் இந்த 80-ல் சேரும். பலருக்கும் இது தெரியாது. அதேபோல், விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதக் கூலியின் சராசரியைத்தான் தினக்கூலியாக எடுத்துக்கொள்வார்கள். எனவே, அந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் தங்கம் மாதிரி. அடுப்படிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

"நான் நிரந்தரத் தொழிலாளி இல்லையே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2000-ம் ஆண்டில் டெல்லி மாநகராட்சிப் பெண் தொழிலாளர்கள் வழக்கில், தினக்கூலிப் பெண்களுக்கும் பிரசவகாலப் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜார்க்கண்டிலிருந்து வந்து நீலகிரியில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் புதிய நான்கு தொகுப்புகளுக்குள் போய்விட்டன. 26 வாரமும் 80 நாளும் அப்படியே தொடர்கின்றன.

குழந்தை பிறந்துவிட்டது, விடுப்பும் முடிந்துவிட்டது. பிறகு? காலையில் கூடையோடு மலை ஏறும் அம்மா, பிள்ளையை எங்கே விடுவார்?

இந்தக் கேள்வியை 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமே கேட்டது. 50 பெண் தொழிலாளர்கள் இருந்தாலோ, அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ, எஸ்டேட் நிர்வாகம் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்றது. காற்றோட்டமான சுத்தமான அறை, பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒரு பெண்... இதெல்லாம் அதில் உண்டு. புதிய தொகுப்பிலும் 50 தொழிலாளர்கள் உள்ள தோட்டங்களுக்குக் காப்பகப் பொறுப்பு இருக்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வேலை நேரத்தில் இரண்டு முறை பால் கொடுக்கப் போய்வரவும் அம்மாவுக்கு உரிமை உண்டு.

மலையில் இது வெறும் வசதி இல்லை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தேயிலைத் தோட்டத்தில், அம்மாவோடு நடந்து வந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை அடித்துக் கொன்றது. பிழைப்புக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். அம்மா பக்கத்தில் இருந்தபோதே இந்த நிலை. ஆளில்லாத லைன் வீட்டில், ஆறு வயது அக்கா பொறுப்பில் தம்பியை விட்டுவிட்டுப் போகும் அம்மாவுக்குக் கொழுந்தில் கை ஓடுமா?

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். இன்று பிள்ளை வளர்க்கப் பணம் தருகிறோம் என்கிறார்கள். இதே நீலகிரியில், பிள்ளை பெறாமல் இருக்கப் பணம் தந்த காலமும் உண்டு! குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட அதிபர்கள் சங்கமான 'உபாசி', 1971-ல் மூன்று எஸ்டேட்டுகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெண் தொழிலாளி கர்ப்பமாக இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் பெயரில் ஐந்து ரூபாய் சேமிப்பு. இரண்டுக்கு மேல் பிள்ளைகள் பிறந்தால் சேர்ந்த பணத்தில் பிடித்தம். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ரொனால்டு ரிட்கர் வகுத்த யோசனை இது. பிரசவச் சம்பளம், மருத்துவம், காப்பகம் என்று ஒவ்வொரு பிறப்பும் எஸ்டேட்டுக்குச் செலவுதானே, அந்தச் செலவு மிச்சமானால் ஒரு பங்கைப் பெண்ணுக்கே கொடுத்துவிடலாமே என்ற கணக்கு. அந்தப் பெண்களுக்குச் சேமிப்பு என்று ஒன்று கிடைத்தது உண்மைதான். இருந்தாலும், ஒரு குழந்தையை நிர்வாகத்தின் செலவுப் பட்டியலில் வைத்துப் பார்த்த அந்தக் கணக்கு எனக்கு இன்றும் நெருடுகிறது.

சரி, எஸ்டேட் சம்பளப் பட்டியலிலேயே இல்லாத பெண்கள்? சிறு தேயிலை விவசாயிகள், காய்கறித் தோட்டக் கூலிகள் இங்கே ஏராளம். அவர்களுக்குக் கைகொடுப்பது அரசுத் திட்டங்கள்தாம்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. 14,000 ரூபாய் பணம், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பணம் மூன்று தவணையாக வரும். கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. எல்லாவற்றுக்கும் சாவி ஒன்றுதான். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து 'பிக்மி' எண் வாங்குவது. "இப்பவே எதுக்கு வெளியே சொல்லணும், கண்ணு படும்" என்று பாட்டிமார் தடுப்பார்கள். பாட்டி சொல்லைத் தட்டலாம், இந்த ஒரு விஷயத்தில்!

பெண் குழந்தைகள் மட்டும் உள்ள வீடுகளுக்கு முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஒரு பெண் என்றால் 50,000, இரண்டு பெண்கள் என்றால் தலா 25,000 ரூபாய் வைப்புத் தொகை. குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஐந்து ரூபாய்த் திட்டத்தின் வாடை கொஞ்சம் இதிலும் அடிக்கிறது, இல்லையா?

பெற்றோரை இழந்த, அல்லது ஒருவரை இழந்து இன்னொருவராலும் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கு, 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். ஊட்டியில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம், 1098-க்கும் அழைக்கலாம்.

பள்ளிக்கூட வயது வந்துவிட்டால், எஸ்டேட் அம்மாவுக்குப் பெரிய ஆறுதல் காலை உணவுதான். 2022 செப்டம்பரில் இத்திட்டம் தொடங்கியபோதே தொலைதூர மலைப் பள்ளிகள் சிலவற்றை முதல் கட்டத்தில் சேர்த்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட்டில் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விறைக்கும் குளிரில் விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டியவர்களுக்குத்தான் தெரியும், பள்ளியில் தட்டில் விழும் சூடான பொங்கலின் அருமை.

இவ்வளவு இருந்தும் பணம் கைக்கு வராமல் போவது எங்கே தெரியுமா? கூடலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்காக ஊட்டி போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆதார் பெயரில் எழுத்துப் பிழை, செயல்படாத வங்கிக் கணக்கு என்றால் இன்னும் ஒரு நாள். அதற்குள் மூன்று வயது முடிந்துவிடும். அதனால், மாசம் தள்ளிப்போனது தெரிந்ததுமே ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். வேலைக்குப் போன நாள், செவிலியரைப் பார்த்த நாள், விடுப்புத் தொடங்கிய நாள், வந்த பணம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து!