லாரிக் கேபினுக்குள் கொஞ்சம் குளிர்

சித்திரை மாத மதியத்தில் கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் நோக்கிப் போகிற பழைய லாரி ஒன்றின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். இடது முழங்காலை ஒட்டி இன்ஜின் பானட். அதன்மேல் ஈரச் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருப்பார் டிரைவர். கூடலூர் தாண்டுவதற்குள் சாக்கு மொறமொறவென்று காய்ந்துவிடும். குமுளி மலையில் ஏற ஏற வெளிக்காற்று குளிரும். முக்கி ஏறும் இன்ஜினோ அப்போதுதான் அதிகமாகக் கொதிக்கும். முகத்தில் மலைக்காற்று, காலில் அடுப்பு.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. எப்போதோ வந்திருக்க வேண்டிய விதி. ஆனால் வாழைத்தாரும் தேங்காயும் பன்னீர் திராட்சையும் ஏற்றிக் கேரளத்துக்கு ஓடுகிற பழைய வண்டிகளை அது தொடாது. அவற்றுக்குக் குளிர் வேண்டுமென்றால் டிரைவரும் பட்டறைக்காரரும் சேர்ந்து பூட்டிக்கொண்டால்தான் உண்டு.

பாய்மரப் படகிலேயே குடியிருந்து கடல் கடக்கிறவர்களும் தங்கள் படகுக்குத் தாங்களே ஏ.சி. பூட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் நம் டிரைவருக்கும் கேள்வி ஒன்றுதான்: கரண்டு எங்கிருந்து வரும், உறிஞ்சிய சூட்டை எங்கே கொட்டுவது? படகுக்காரருக்குக் காலடியிலேயே கடல். உப்புநீரை பம்ப் வைத்து இழுத்து, கண்டன்சரைக் குளிரவைத்து, திரும்பக் கடலிலேயே விட்டுவிடலாம். லாரிக்கு அந்த வசதி இல்லை, காற்றுதான் கதி. கண்டன்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் அதன் சூடு ரேடியேட்டருக்குள்ளேயே போகும். லோடோடு மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். பழைய லாரிக்குக் கேபின் கூரையில் தனி ஃபேனோடு வைப்பதே நல்லது என்பேன்.

கரண்டு கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஜின் ஓடாதபோதும் பேட்டரியில் வேலை செய்கிற 24 வோல்ட் ஏ.சி. ஒன்று 800 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். சுமார் 33 ஆம்பியர். வண்டியில் இருப்பது 130 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, தொடராக இணைத்தது. பாதிக்குமேல் இறக்கினால் பேட்டரி கெடும். ஆக, இரண்டு மணி நேரத் தூக்கம். அதற்குமேல் ஓடவிட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது. தேனி மில் நூலை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவருக்கு இரண்டு மணி நேரம் எந்த மூலைக்கு? தனி பேட்டரியும், அதைச் சார்ஜ் செய்யத் தெம்புள்ள ஆல்டர்நேட்டரும் வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். தடித்த வயர் வேண்டும். மெல்லிய வயரில் 33 ஆம்பியர் ஓடினால் தீதான்.

இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவது இன்னும் ஆபத்து. கேபின் தரையில் சின்ன ஓட்டை இருந்தாலும் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணம் கிடையாது.

எனக்குத் தெரிந்து முதல் செலவு ஏ.சி.க்கு அல்ல, பானட்டுக்கு. சூடு தாங்கும் மெத்தையும் அலுமினியத் தகடும் வைத்துப் பானட்டை மூடி, கூரைக்கு உள்பக்கம் ஒரு லேயர் கொடுத்து, கியர் ராடு, பெடல் ஓட்டைகளை ரப்பரால் அடைத்துவிட்டால் உள்ளே வருகிற சூடே குறைந்துவிடும். பிறகு சின்ன ஏ.சி.யே போதும். அதைவிட்டு, ஓட்டைக் கேபினில் ஒரு டன் ஏ.சி.யை மாட்டினால் நெடுஞ்சாலையைத்தான் குளிர வைக்கலாம்.

பிராக்கெட் அடிப்பது, குழாய் இழுப்பது, வயரிங் எல்லாம் பட்டறையிலேயே முடித்துக்கொள்ளலாம். கேஸ் அடிப்பதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். முதலில் வேக்கம் பம்பை அரை மணியாவது ஓட்டிக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் ஈரம் ஆயிலோடு சேர்ந்து கம்ப்ரஸரை அரித்துவிடும்.

இந்தச் செலவு டிரைவர் தலையில் விழக் கூடாது. டயருக்கும் தார்ப்பாய்க்கும் கணக்கு எழுதுகிற ஓனர்கள் பானட் மெத்தைக்கும் எழுதட்டும். தூக்கமில்லாத கண்ணோடு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறவர் அவர்களுடைய ஆள்.