பரம்பில் என்ன பார்ப்பது?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலை, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு மேட்டை அறுத்துக்கொண்டு போகும். அதுதான் ஆதிச்சநல்லூர் பரம்பு. செம்மண், சரளை, முள்மரம், காலடியில் உடைந்த பானை ஓடு. மொத்தம் 114 ஏக்கர். உள்ளே முதுமக்கள் தாழிகள், அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள்.

“போனேன், பார்க்க ஒன்றும் இல்லையே” என்று திரும்பி வருபவர்கள் நிறைய. அவர்களோடு ஒரு டீ குடிக்கிற நேரம் கிடைத்தால் நான் சொல்ல நினைப்பது இதைத்தான்.

முதலில் மேட்டை விட்டுச் சுற்றிலும் பாருங்கள். பக்கத்தில் தாமிரபரணி, கரை நெடுக வயல். பரம்புக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீர் ஏறாது. மேல் மண்ணைத் தோண்டினால் பாறை. விளைகிற நிலத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கிய ஊர் இது என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காக வேலையில் குறை வைக்கவில்லை. ஆளைக் குந்தவைக்கும் அளவுக்குப் பெரிய தாழி; அடிப்பாகம் கூம்பு. தரையில் வைத்தால் நிற்காது. அது நிற்பதற்காகவே பாறையைக் குடைந்து குழி எடுத்திருக்கிறார்கள். இந்தியத் தொல்லியல் துறை 2004-இல் தோண்டியபோது, சுமார் 600 சதுர மீட்டருக்குள்ளேயே 160-க்கு மேல் தாழிகள் வந்தன. அதுவும் ஒரே அடுக்கில் அல்ல. பழைய தாழிகளுக்கு மேலே பிந்திய காலத்துத் தாழிகள், அடுக்கடுக்காக. அங்கிருந்து எடுத்த இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019-இல் முடிவு வந்தது. இரண்டுக்கும் நடுவே இருநூறு ஆண்டுகள். இறந்தவர்களைத் தூக்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இதே மேட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

சில தாழிகளில் முழு உடலையும் குந்தவைத்த நிலையில் வைத்தார்கள். சிலவற்றில் எலும்புகள் கொஞ்சம்தான். வேறெங்கோ கிடத்தி, பிறகு பொறுக்கி எடுத்து வைத்தவை. கூடவே சிறு பானைகள், இரும்பு ஆயுதங்கள், நெல் உமி.

அந்தச் சிறு பானை ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். உள்ளேயும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளியே கீழ்ப்பாகம் சிவப்பு. இது வண்ணப்பூச்சு இல்லை. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, வாய் புதைந்திருக்கிற பக்கம் காற்றுப் போகாமல் கரி ஏறிக் கறுக்கும். காற்றுப்பட்ட பக்கம் சிவந்து வரும். நெருப்பை இத்தனை அறிந்திருந்த குயவர்கள் கைப்பட்ட பாண்டம், செத்தவர்களுக்குத் துணையாகப் போயிருக்கிறது. தங்க நெற்றிப்பட்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிது.

தங்கமும் கிடைத்தது, உண்மைதான். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-இலிருந்து தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் வந்த தங்கப் பட்டங்களும், எருமையும் சேவலும் நிற்கிற வெண்கல மூடிகளும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. தோண்டிய குழி ஒன்றின் மேல் கண்ணாடித் தளம் போட்டு 2023 ஆகஸ்டில் பரம்பிலேயே பார்வைக்குத் திறந்தார்கள். தாழி குழிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அங்கே நின்றால்தான் பார்க்க முடியும்.

தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் கிணறு வெட்டும்போதும் வாய்க்கால் எடுக்கும்போதும் தாழியின் விளிம்பு தட்டுப்படுகிறது. உள்ளே புதையல் இருக்கும் என்று உடைத்துவிடாதீர்கள். எலும்பு கிடந்த கிடை, பானை இருந்த இடம், ஒட்டிய மண் எல்லாம் சேர்ந்தால்தான் அது சொல்ல வந்தது விளங்கும். கலைத்துவிட்டால் யாராலும் மீட்க முடியாது. வேலையை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.