நள்ளிரவில் அழும் குழந்தை

வட்டக்கானலில் மாலை மங்கியதும் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து வீடுகளைச் சூழ்ந்துகொள்கிறது. பகலெல்லாம் தோட்டத்தில் குனிந்து உழைத்தவர்கள் கண்ணயரும் வேளையில், பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தை வீரிட்டு அழுகிறது. முகம் சிவக்கிறது; கால்கள் வயிற்றோடு மடங்குகின்றன. “வயிற்றில் வாயு” என்கிறார் பாட்டி. கொடைக்கானல் மருத்துவமனைக்கு இருளில் மலைப்பாதை வழியே செல்ல வேண்டும். இவ்விரவை எங்ஙனம் கழிப்பது? மலையில் பயிரிடுவோர்க்கும் சமவெளியில் தறி நெய்வோர்க்கும் பொதுவான கேள்வி இது.

பால் குடிக்கும்போதும் அழும்போதும் குழந்தை காற்றையும் விழுங்குகிறது. ஆகவே பாலூட்டலின் இடையிலும் முடிவிலும் குழந்தையைத் தோளில் நிமிர்த்திச் சாய்த்து, ஒரு கையால் தலையையும் கழுத்தையும் தாங்கி, மறுகையால் முதுகை மெல்லத் தட்டுக. சில நிமிடங்களில் ஏப்பம் வராவிடில் வற்புறுத்த வேண்டியதில்லை. மல்லாத்திக் கிடத்திக் கால்களை மிதிவண்டி மிதிப்பதுபோல் மெதுவாக அசைக்கலாம். குளிர் மிகுந்த இரவில் தாயோ தந்தையோ விழித்திருந்து, குழந்தையை மார்போடு உடல்படச் சேர்த்தணைத்து, முகம் மூடாதவாறு போர்வை போர்த்தினால் வெப்பமும் கிட்டும், அமைதியும் கிட்டும். உறங்கியபின் மல்லாந்த நிலையிலேயே படுக்கவைத்தல் வேண்டும், குப்புறக் கிடத்தலாகாது. கதவு சன்னல்களை அடைத்துக் கணப்புச் சட்டி மூட்டுவதும் கூடாது. கரிப்புகை நஞ்சு உறங்குவோர் அனைவரையும் கொல்லும்.

எல்லா அழுகைக்கும் வாயுவே காரணமன்று. நாளுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் அழும் நலமான குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் வெஸ்ஸல் 1954-இல் எழுதினார். இவ்வழுகையின் காரணம் இன்றும் முழுமையாகப் புலப்படவில்லை. பெரும்பாலும் ஆறாம் வாரமளவில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானே தணிகிறது.

நம் இல்லங்களில் வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். அதனைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவது பழைய வழக்கம். அன்பினால் செய்வதே எனினும், அளவறியாது கொடுப்பது ஆபத்து. உணவில் வசம்பு சேர்ப்பதை 1968-இல் அமெரிக்க அரசு தடைசெய்தது. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்டு தயாரித்த கிரைப் வாட்டரின் பழைய கலவையில் மதுசாரமும் சர்க்கரையும் இருந்தன. இன்றைய கலவைகளில் மதுசாரம் நீக்கப்பட்டிருப்பினும், அவை அழுகையைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எனினும் சில குறிகளைக் கண்டால் விடியும்வரை காத்திருத்தல் தவறு. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டுதல், உடல் சில்லிடுதல், பால் குடிக்க மறுத்தல், பச்சை நிறமாக வாந்தியெடுத்தல், மலத்தில் இரத்தம், வயிறு உப்பிக் கல்போல் இறுகுதல், மூச்சுத் திணறல், துவண்டு கிடத்தல் ஆகியவை வாயுவின் குறிகள் அல்ல. உடனே 108-ஐ அழையுங்கள்.

இறுதியாகத் தந்தையர்க்கு ஒரு சொல். ஓயாத அழுகை பெற்றவரின் பொறுமையைக் குலைக்கும். எத்துணைச் சினம் வரினும் குழந்தையைக் குலுக்கலாகாது. மூளையில் இரத்தம் கசிந்து உயிர்போகக்கூடும். கை தளர்ந்தால் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சற்று விலகி நின்று மூச்சு வாங்குங்கள். அதனினும் நன்று, இரவைப் பங்கிட்டுக் கொள்வது. முன்னிரவு தாய் உறங்கட்டும். பால் வேளை போக மற்ற நேரம் தந்தையின் தோள் தாங்கட்டும். அண்டை வீட்டாரும் பகலில் ஒரு மணி நேரம் குழந்தையை ஏந்தலாம். பளுவைப் பகிர்ந்து சுமப்பதே கூட்டுறவு எனில், அது சங்கத்தின் வாயிற்படியோடு நின்றுவிடலாமா?